'டோவர் பீச்' கவிதையின் அணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலக் கவிஞர் மேத்யூ ஆர்னால்டின் 'டோவர் பீச்' 37 வரிகள் கொண்ட சின்னக் கவிதை. விக்டோரியா காலத்துச் சோகத்துக்கு ஓர் உதாரணம் காட்டச் சொன்னால் பலரும் முதலில் இதைத்தான் காட்டுவார்கள். இதைப் படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் "என்னென்ன அணிகள் வருகின்றன?" என்று கேட்கிறார்கள். பட்டியல் போடுவது ஐந்து நிமிட வேலை. ஒவ்வோர் அணியும் அது நிற்கும் இடத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கவனிக்கும்போதுதான் இந்தக் கவிதை எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டது என்பது தெரியவரும். கீழே உள்ள பதில்கள் அந்த வழியில் போகின்றன.

கவிதையில் என்ன நடக்கிறது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரவு நேரம். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் டோவர் என்ற துறைமுக ஊர். கடலைப் பார்த்த ஓர் அறையில் ஒருவன் ஜன்னலோரம் நிற்கிறான். கடல் அமைதியாக இருக்கிறது. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், ஏறி நிறைந்திருக்கிறது. நீரிணை மேல் நிலவு. எதிரே பிரான்ஸ் கரையில் ஒரு வெளிச்சம் தெரிந்து மறைகிறது. இந்தப் பக்கம் இங்கிலாந்தின் செங்குத்துப் பாறைகள் வெளுத்து நிற்கின்றன. "ஜன்னலுக்கு வா, இரவுக் காற்று இனிமையாக இருக்கிறது" என்று தன் துணையை அழைக்கிறான். அழைத்த கையோடு ஓர் ஓசையைக் கேட்கச் சொல்கிறான். அலை கூழாங்கற்களைப் பின்னுக்கு இழுத்து, திரும்பி வரும்போது கரைமேல் வீசுகிற ஓசை. அதில் என்றைக்கும் தீராத ஒரு சோகம் இருப்பதாக அவனுக்குப் படுகிறது.

இரண்டாம் பத்தியில் நினைவு பழைய கிரேக்கத்துக்குப் போகிறது. நாடகாசிரியர் சோஃபக்ளீஸும் ஏஜியன் கடலருகே இதைக் கேட்டார், மனிதத் துயரத்தின் ஏற்ற இறக்கம் அவர் மனதில் எழுந்தது என்கிறான். மூன்றாம் பத்தியில் 'நம்பிக்கைக் கடல்' வருகிறது. சமய நம்பிக்கை ஒரு காலத்தில் உலகின் கரைகளைச் சுற்றி நிறைந்து கிடந்தது, இப்போது அது பின்வாங்கிப் போகும் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது என்கிறான். கடைசிப் பத்தியில் துணையிடம் திரும்பி, "நாம் ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம்" என்கிறான். கனவு நிலம் போலத் தெரியும் இந்த உலகத்தில் மகிழ்ச்சியும் இல்லை, அன்பும் இல்லை, ஒளியும் இல்லை. எதுவும் புரியாத படைகள் இரவில் மோதிக்கொள்ளும் ஓர் இருண்ட வெளியில்தான் நாம் நிற்கிறோம். அத்தோடு கவிதை முடிகிறது.

எப்போது எழுதப்பட்டது?

அச்சில் வந்தது 1867ல். ஆனால் எழுதியது அதற்கு வெகு முன்னால், 1851ஐ ஒட்டி என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆர்னால்டுக்குப் பள்ளி ஆய்வாளர் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் ஃபிரான்சஸ் லூசி வைட்மேனோடு திருமணம். திருமணமான கோடையில் இருவரும் டோவருக்குப் போய்த் தங்கினார்கள். கவிதையில் 'அன்பே' என்று அழைக்கப்படுபவர் இந்த இளம் மனைவிதான் என்று பலர் எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

கையெழுத்துப் படி பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. முதல் 28 வரிகளின் பென்சில் வரைவு கிடைத்திருக்கிறது. எம்பெடொக்ளீஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி பற்றி ஆர்னால்ட் குறிப்பெடுத்த தாளில் அது இருக்கிறது. 28ஆவது வரிக்குக் கீழே கடைசிப் பத்தியின் தொடக்கச் சொற்களை மட்டும் எழுதி, 'முதலியன' என்று விட்டுவிட்டார். அப்படியானால் கடைசி ஒன்பது வரிகள் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும். கடல் பகுதி பிறகு வந்து முன்னால் சேர்ந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியைப் பேசும்போது உதவும்.

டார்வினால் வந்த சோகம் என்று வழிகாட்டி நூல்களில் போட்டிருக்கிறதே?

டார்வினின் பரிணாம நூல் வெளிவந்தது 1859ல். கவிதை 1851ஐ ஒட்டி எழுதப்பட்டது என்றால் அந்த விளக்கம் நிற்காது. 1867ல் இதை வாசித்தவர்கள் டார்வினை நினைத்திருப்பார்கள், அது வேறு.

அதற்கு முன்பே நம்பிக்கையை அசைத்த விஷயங்கள் நிறைய இருந்தன. சார்லஸ் லயலின் புவியியல் நூல் 1830 முதல் 1833 வரை மூன்று தொகுதிகளாக வந்து, பூமியின் வயது வேதக் கணக்கில் அடங்காது என்று படித்தவர்களை யோசிக்க வைத்தது. இயேசுவின் வாழ்க்கையை வரலாற்று ஆய்வுக்கு உட்படுத்திய ஜெர்மானியர் ஸ்ட்ராஸின் நூலை, பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் நாவல் எழுதிய பெண்மணி 1846ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1851 மார்ச் 30 ஞாயிறன்று பிரிட்டனில் வழிபாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. கோயிலுக்குப் போயிருக்கக்கூடிய பல லட்சம் பேர் அன்று போகவில்லை என்பது அதில் வெளிவந்து பெரிய பேச்சானது. கூடவே 1848ல் ஐரோப்பா முழுக்க நடந்த புரட்சிகளும் அவற்றின் தோல்வியும். சூழல் இவ்வளவு போதும். கவிதைக்குப் போவோம்.

இத்தனை அணிகளில் எது முக்கியம்?

என்னைக் கேட்டால், கண்ணிலிருந்து காதுக்கு மாறுவது. மற்ற எல்லா அணிகளும் இந்த மாற்றத்துக்குத்தான் துணை நிற்கின்றன.

முதல் ஆறு வரிகளில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே கண்ணுக்கு உரியவை: நிலவு, வெளிச்சம், மின்னும் பாறை, அமைதியான விரிகுடா. எல்லாம் அழகு. ஏழாம் வரி 'ஒன்லி' என்று ஒரு தயக்கத்தோடு தொடங்குகிறது, 'ஆனால்' என்று நாம் இழுப்பது மாதிரி. ஒன்பதாம் வரியில் 'லிசன்!' என்று ஒரு கட்டளை. அதற்கப்புறம் கேட்பதுதான் வேலை. சோஃபக்ளீஸ் 'கேட்டார்'. நாம் இந்த வடகடலோரம் 'கேட்டு' ஓர் எண்ணத்தைக் கண்டடைகிறோம். நம்பிக்கைக் கடல் பின்வாங்குவதை நான் 'கேட்கிறேன்'. மூன்று பத்திகளிலும் இந்த வினை விடாமல் வருகிறது.

கடைசிப் பத்தியில் கண்ணின் மேல் தீர்ப்பே எழுதப்படுகிறது. உலகம் கனவு நிலம் போல 'தோன்றுகிறது', உண்மையில் அப்படி இல்லை. கண் பார்த்த நிலவும் வெளிச்சமும் ஒரு வகையில் ஏமாற்று. காது கேட்டதுதான் நிஜம். அதனால்தான் கவிதை முடியும் இடம் முழு இருட்டு: கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, மோதும் சத்தம் மட்டும் உண்டு.

அந்த ஓசையை ஆர்னால்ட் எப்படி உண்டாக்குகிறார்?

டோவர் கரையில் பரந்த மணல் கிடையாது, கூழாங்கல் கரை. சுண்ணாம்புப் பாறை கரைந்து உதிரும்போது அதற்குள் இருக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் வெளியே விழுந்து, அலையில் உருண்டு உருண்டு வழவழப்பாகின்றன. அலை திரும்பும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கீழே உருளும். மணற்கரையில் இந்த ஓசை வராது.

அந்த ஓசைக்கு அவர் வைத்த பெயர் 'கிரேட்டிங் ரோர்'. 'கிரேட்டிங்' உரசலையும் 'ரோர்' இரைச்சலையும் சொல்கின்றன. வாய்விட்டுச் சொன்னால் இரண்டு சொற்களிலும் 'ர' உருள்வது தெரியும். ஒலிக்குறிப்புச் சொல் என்று விடையில் எழுத வேண்டிய இடம் இதுதான்.

அடுத்து வருவது கவிதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி: 'பிகின், அண்ட் சீஸ், அண்ட் தென் அகெய்ன் பிகின்'. தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி. தொடங்கிய சொல்லிலேயே வரி முடிகிறது, அலை புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிற மாதிரி. நடுவில் இருக்கும் காற்புள்ளிகளில் மூச்சு நிற்கிறது, திரும்பப் புறப்படுகிறது. லேசான அசை, அழுத்தமான அசை என்ற ஐயாம்பிக் ஜோடி ஐந்து முறை பிசகாமல் வருகிறது. ஒழுங்கற்ற நீளத்தில் வரிகள் ஓடும் இந்தக் கவிதையில் இவ்வளவு ஒழுங்கான வரி வரும்போது காது உடனே கவனிக்கும். அலை என்ற சொல் இந்த வரியில் இல்லவே இல்லை, ஆனால் வரியே அலையாக அசைகிறது.

அதைத் தொடர்ந்து 'கேடன்ஸ்', 'நோட்' என்று இரண்டு இசைச் சொற்கள் வருகின்றன. இயற்கையின் வெறும் இரைச்சலை ஓர் இசையாகக் கேட்கத் தொடங்கிவிட்டான் என்று பொருள். இரைச்சலுக்குச் சோகம் கிடையாது. இசைக்கு உண்டு.

எதுகை இயைபு ஒழுங்காக இல்லையே, இது புதுக்கவிதையா?

இயைபு, அதாவது வரி முடிவுகள் ஒலியில் ஒத்துவருவது, இருக்கிறது. ஒரே வாய்பாட்டில் இல்லை, அவ்வளவுதான். பத்திகள் 14, 6, 8, 9 வரிகளாகப் பிரிந்திருக்கின்றன. முதல் பத்தியின் 14 வரி, எட்டும் ஆறுமாகப் பிரியும் சானெட் என்ற கவிதை வடிவத்தின் அளவு. அடுத்த இரண்டையும் கூட்டினால் மறுபடி 14, ஆனால் சானெட்டின் எட்டும் ஆறும் இடம் மாறி ஆறும் எட்டுமாக. சானெட் காதலுக்குப் பேர்போன வடிவம். காதல் கவிதையாக இருந்திருக்க வேண்டியது உடைந்து வேறு எதுவாகவோ ஆகிவிட்டது என்ற உணர்வு இந்த அமைப்பில் கிடைக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

முதல் பத்தியின் இயைபை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பதின்மூன்று வரிகளின் கடைசிச் சொல்லுக்கும் அந்தப் பத்திக்குள்ளேயே ஒரு துணை கிடைக்கும். ஒரே ஒரு சொல் தனியாக நிற்கும்: ஒன்பதாம் வரியில் வரும் 'ரோர்', அந்தக் கூழாங்கல் இரைச்சல். அமைதியான காட்சிக்குள் சேராமல் துருத்திக்கொண்டு நிற்கும் ஓசை, இயைபிலும் எதோடும் சேராமல் நிற்கிறது. மூன்றாம் பத்திக்குப் போனால் அதே 'ரோர்' மறுபடி வரி முடிவில் வருகிறது, இந்த முறை 'ஷோர்', அதாவது கரை, என்ற துணையோடு. முதலில் வெறும் கல்லின் இரைச்சலாக இருந்தது இப்போது நம்பிக்கை வடியும் இரைச்சல். அதற்கு இணை அங்கேதான் கிடைக்கிறது. கவிஞர் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்டால், இவ்வளவு காது உள்ளவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று நினைக்கத் தோன்றவில்லை.

வரிகளின் நீளம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

முதல் மூன்று வரிகளை எண்ணிப் பாருங்கள்: மூன்று அழுத்தம், நான்கு அழுத்தம், ஐந்து அழுத்தம். நீர் கரைமேல் மெல்லப் பரவுவது போல வரி நீள்கிறது. மூன்றாம் வரியின் முடிவில் 'லைட்' என்ற சொல் நிற்கிறது, அதன் வினை அங்கே இல்லை. அடுத்த வரிக்குத் தாவினால்தான் 'கிளீம்ஸ் அண்ட் இஸ் கான்', மின்னியது, போய்விட்டது. வரி தாண்டி வாக்கியம் ஓடுவதை என்ஜாம்ப்மென்ட் என்பார்கள். இங்கே அது எதிர்க்கரை வெளிச்சத்தையே நடித்துக் காட்டுகிறது: ஒரு கணம் காத்திருக்கிறோம், தெரிகிறது, நான்கு சொல்லில் அணைந்துவிடுகிறது. 'கிளீம்ஸ்', 'கான்' என்று 'க'வில் தொடங்கும் மோனை அந்த நொடியைக் கட்டிப்போடுகிறது. கவிதையில் அழகாகத் தெரிவது எதுவும் நிலைக்கப் போவதில்லை என்பதற்கு இதுதான் முதல் குறிப்பு.

'நம்பிக்கைக் கடல்' உருவகத்தை எப்படி விளக்குவது?

'நம்பிக்கை கடல் போன்றது' என்று சொன்னால் உவமை. இங்கே கடலே நம்பிக்கை, அதனால் உருவகம். அது மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

அந்தக் கடலும் ஒரு காலத்தில் நிறைந்திருந்தது என்கிறார். அந்த 'உம்'தான் முக்கியம். கவிதையின் இரண்டாம் வரியில் ஜன்னலுக்கு வெளியே நிஜக் கடலும் நிறைந்திருந்தது. டோவரில் பெரிய ஓத நாட்களில் கடல் மட்டம் சுமார் 6 மீட்டர் ஏறி இறங்கும். நிறைந்த கடல் அடுத்துச் செய்யக்கூடியது வடிவது ஒன்றுதான். முதல் பத்தியில் சாதாரண வர்ணனை போல இருந்த வரி இங்கே வந்ததும் வேறு பொருள் எடுக்கிறது.

அந்த உருவகத்துக்குள் ஓர் உவமை இருக்கிறது. நிறைந்திருந்த நம்பிக்கை, ஒளிரும் கச்சையின் மடிப்புகள் போல உலகின் கரையைச் சுற்றிக் கிடந்ததாம். கச்சை உடை சம்பந்தப்பட்டது. ஐந்து வரி தள்ளி, நீர் வடிந்த இடத்தில் தெரிவது உலகின் 'நிர்வாணமான' கூழாங்கற்கள். இடுப்பில் சுற்றிய துணி அவிழ்ந்து உடம்பு வெளியே தெரிகிற அவமானமும் குளிரும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகின்றன. அப்புறம், முதல் பத்தியில் கேட்ட அதே கூழாங்கற்கள்தான் இவை. அங்கே டோவர் கரையின் கற்கள், இங்கே உலகத்தின் ஓரம் முழுவதும்.

வடிந்த கடல் திரும்பி வருமே? அப்படியானால் நம்பிக்கையும் திரும்புமா?

நல்ல கேள்வி, பலருக்கும் தோன்றுவது. ஓதம் என்ற படிமத்தை எடுத்தவர் அதன் மறுபாதியை விட்டுவிட்டார் என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவிதையில் இருக்கிற சொற்களைப் பார்த்தால், பேசுகிறவன் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. 'இப்போது நான் கேட்பது' என்று மட்டும் சொல்கிறான். வடியும் நேரத்தில் நிற்பவனுக்கு ஏற்றம் வருமா என்பது தெரிய வாய்ப்பில்லை. முதல் பத்தியில் அலை போய்ப் போய்த் திரும்பி வருகிறது, மூன்றாம் பத்தியில் போவது மட்டும்தான் இருக்கிறது. 'மெலன்கலி, லாங், வித்டிராயிங்', சோகமான, நீண்ட, பின்வாங்கும் என்று அடைமொழிகளை அடுக்கி வரியையே இழுக்கிறார். அந்த இழுவையில் திரும்பி வருதலுக்கு இடம் வைக்கவில்லை.

சோஃபக்ளீஸ் எதற்கு?

இப்படிப் பழைய நூலையோ ஆளையோ சுட்டுவது அல்லூஷன். எந்த நாடகம் என்று ஆர்னால்ட் சொல்லவில்லை. வழக்கமாகச் சுட்டப்படுவது 'ஆன்டிகனி'யில் வரும் ஒரு குழுப்பாடல். ஒரு குடும்பத்தின் மேல் விழுந்த சாபம் தலைமுறை தலைமுறையாக உருண்டு வருவதை, கிரேக்கத்துக்கு வடக்கே உள்ள திரேஸ் பக்கத்துக் காற்று கடலைக் கிளப்பி ஆழத்துக் கருமணலைப் புரட்டி, கரைப்பாறைகள் முனகுவதோடு ஒப்பிடும் பாடல் அது. ஆர்னால்ட் மனிதத் துயரத்தைக் 'கலங்கல்' என்று சொல்வதில் அந்தப் புரண்ட மணலின் சாயல் தெரிகிறது.

பூகோளப்படி ஒரு வேறுபாடும் உண்டு. ஏஜியன் கடலில் ஓதம் மிகக் குறைவு, டோவர் போல மீட்டர் கணக்கில் ஏறி இறங்காது. ஏற்ற இறக்கம் என்ற படிமம் டோவருக்கு முன்னால் இருக்கும் இங்கிலீஷ் கால்வாயின் சொத்து. அதைக் கிரேக்கருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்.

அல்லூஷன் செய்யும் வேலை இதுதான்: துயரம் என் காலத்துக்கு மட்டும் உரியதில்லை, இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுக்கு முன்னும் இப்படித்தான் என்று அகலப்படுத்துவது. ஆனால் ஆறே வரியில் அதைக் கடந்துவிடுகிறார். சோஃபக்ளீஸுக்குத் துயரம் இருந்தது, சுற்றிலும் தெய்வங்களும் இருந்தார்கள். மூன்றாம் பத்தி அந்தத் துணையும் போய்விட்டதைச் சொல்கிறது.

கடலுக்குச் சோகம் ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்றம்தானே?

நெருக்கமானதுதான். இயற்கைக்கு மனித உணர்ச்சியை ஏற்றுவதை ஆங்கிலத்தில் 'பத்தெடிக் ஃபாலசி' என்பார்கள். விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856ல் உருவாக்கிய பெயர். ஆனால் ஆர்னால்ட் இங்கே மிகவும் எச்சரிக்கையாக நடக்கிறார். கடல் அழுகிறது என்று எங்கும் சொல்லவில்லை. கல்லின் ஓசை ஒரு சோகச் சுருதியை உள்ளே கொண்டுவருகிறது, அந்த ஓசையில் நாம் ஓர் எண்ணத்தைக் 'கண்டடைகிறோம்' என்கிறார். ஏற்றுவது மனிதன்தான் என்பதை மறைக்காமல் ஏற்றுகிறார்.

குறுந்தொகையில் அம்மூவனார் பாடிய 163ஆம் பாட்டை அறிந்தவர்களுக்கு வேறுபாடு சட்டென்று விளங்கும். அதில் தலைவி 'யார் அணங்குற்றனை கடலே' என்று கடலையே கூப்பிட்டுக் கேட்கிறாள், நடுராத்திரியிலும் உன் குரல் கேட்கிறதே என்கிறாள். அவளுக்குக் கடல் ஒரு தோழி. ஆர்னால்டின் மனிதன் கடலிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசுவதெல்லாம் பக்கத்தில் இருப்பவளிடம்.

கடைசிப் பத்தியில் கடலே காணவில்லையே?

கவனித்தீர்களே, பெரும்பாலோர் தவறவிடும் இடம். கடைசி ஒன்பது வரிகளில் கடல், அலை, நிலவு, கல் எதுவும் இல்லை. முன்பு சொன்ன கையெழுத்துப் படிச் செய்தி இதற்கு ஒரு விளக்கம் தரலாம். ஆனால் வாசிக்கும்போது கிடைக்கும் அனுபவம் வேறு: கடல் வடிந்து வடிந்து கடைசியில் வெற்று நிலம்தான் மிஞ்சுகிறது.

இந்தப் பத்தியின் சொல்லடுக்கைப் பாருங்கள். முதலில் 'சோ' என்று மூன்று முறை: எவ்வளவு விதவிதமான, எவ்வளவு அழகான, எவ்வளவு புதிய உலகம். உடனே ஆறு மறுப்புகள்: மகிழ்ச்சி இல்லை, அன்பு இல்லை, ஒளி இல்லை, உறுதி இல்லை, அமைதி இல்லை, வலிக்கு உதவி இல்லை. மூன்று கொடுத்து ஆறு பிடுங்குகிறார். உலகம் நம் முன்னே கிடக்கிறது என்ற தொடரில் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' முடிவு எதிரொலிக்கிறது. ஏதேனிலிருந்து வெளியேறும் ஆதாமுக்கும் ஏவாளுக்கும் முன்னால் உலகம் முழுவதும் திறந்திருந்தது, வழிகாட்ட இறைவன் அருளும் இருந்தது. இந்த ஜோடிக்கு அது இல்லை.

இன்னொன்று. பத்தி தொடங்கும்போது துணையை 'லவ்' என்று அழைக்கிறான். ஐந்தாம் வரியில் உலகத்தில் 'லவ்' கிடையாது என்கிறான். முரண்தான், கைப்பிழை இல்லை. உலகம் அன்பைத் தராது, அதனால் நாம் இருவரும் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவன் கேட்பது. அது வாக்குறுதியாக வரவில்லை, 'இருப்போம்' என்ற வேண்டுகோளாக வருகிறது. அவள் பதில் கவிதையில் இல்லை.

அந்த இரவுப் போர் எங்கிருந்து வந்தது?

பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய வரலாற்றிலிருந்து. கி.மு. 413ல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்தை முற்றுகையிட்டிருந்த ஏதென்ஸ் படை, எப்பிபொலே என்ற மேட்டை இரவில் தாக்கியது. நிலவு இருந்தது. எதிரே ஓர் உருவம் நிற்பது தெரிகிறது, அது நம் ஆளா எதிரியா என்பது தெரியவில்லை. அடையாளச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் அது எதிரிக்கும் தெரிந்துபோனது. ஏதென்ஸ் பக்கம் நின்ற சில படைகளின் போர்ப்பாட்டு எதிரியின் பாட்டைப் போலவே இருந்ததால், சொந்த ஆட்களைக் கேட்டே நடுங்கினார்கள். நண்பர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். தப்பி ஓடியவர்களில் பலர் பாறை விளிம்பிலிருந்து விழுந்து செத்தார்கள்.

நிலவு, பாறை, குழப்பமான ஓசை. கவிதையின் முதல் பத்தியில் இருந்த பொருட்களே இவை. மேத்யூவின் அப்பா தாமஸ் ஆர்னால்ட், ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர், துசிடிடீஸைப் பதிப்பித்தவர். மகனுக்கு இந்தக் காட்சி வீட்டுச் சொத்து மாதிரி. போர் என்று மட்டும் சொல்லாமல், படைகளை 'அறியாத' படைகள் என்று சொல்வதன் முழு எடை இந்தப் பின்னணி தெரிந்தால்தான் இறங்கும்.

தாளத்தையும் பாருங்கள். 'நாம் உண்மையாக இருப்போம்' என்ற பத்தியின் முதல் வரியில் மூன்று அழுத்தம். கவிதையின் முதல் வரிக்கும் அதே அளவு. பிறகு ஏழு வரிகள் ஐந்து ஐந்தாக ஓடுகின்றன. கடைசி வரியில் நான்கு. காது ஐந்தாவதை எதிர்பார்க்கும்போது வாசல் அடைபடுகிறது.

இதை டிரமாட்டிக் மோனோலாக் என்று எழுதலாமா?

ஒருவன் பேசுகிறான், கேட்பவள் உடன் இருக்கிறாள், இடமும் நேரமும் தெளிவு. அந்த அளவுக்கு ஆம். ஆனால் இந்த வடிவத்துக்குப் பேர்போன கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் மோனோலாக்குகளில் பேசுகிறவன் தன்னையறியாமல் தன் குணத்தைக் காட்டிக்கொடுப்பான். இங்கே அந்த இடைவெளி இல்லை. 'அந்த வடிவத்தைத் தொடும் தன்னுணர்ச்சிக் கவிதை' என்று எழுதினால் மறுக்க முடியாது.

தேர்வில் அணிகள் பற்றிக் கேட்டால் எப்படி எழுதுவது?

அணியின் பெயர், அது வரும் சொற்கள், அது அங்கே செய்வது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் வரட்டும். 'கச்சை உவமை' என்று நிறுத்தாமல் 'நிர்வாணமான கூழாங்கல்' வரை கொண்டுபோங்கள். பத்து அணிகளுக்குப் பெயர் வைப்பதைவிட நான்கை இப்படி எழுதினால் விடை கனமாக இருக்கும். கண்ணிலிருந்து காதுக்கு மாறுவதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் மற்றவற்றை அதில் கோத்துக்கொண்டு போகலாம்.

இதைப் படித்தவர்கள் அடுத்து எதைப் படிக்கலாம்?

அதே காலத்துக் கவிஞர் டென்னிசனின் 'பிரேக், பிரேக், பிரேக்'. 1842ல் வெளிவந்தது, 16 வரிகள்தான். 1833ல் இளவயதில் இறந்துபோன நண்பர் ஆர்தர் ஹாலம் நினைவில் எழுதியது. அங்கே கவிஞர் கடலை நேராகக் கூப்பிடுகிறார். துக்கம் ஒரே ஒரு மனிதனைப் பற்றியது. கடலின் ஓசை அவருக்கு எந்தத் தத்துவத்தையும் தருவதில்லை, தன்னால் சொல்ல முடியாததைக் கடல் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்ற ஆதங்கம் மட்டும்தான்.

ஆர்னால்டே எழுதிய 'டு மார்கரீட்: கன்டினியூட்' 1852ல் வந்தது. மனிதர்கள் தனித்தனித் தீவுகள், நடுவில் கடல் என்பது அதன் உருவகம். அளந்து முடியாத, உப்பான, பிரித்து வைக்கும் கடல் என்று மூன்று அடைமொழிகளோடு முடியும். 'டோவர் பீச்'சில் இரண்டு பேரும் ஒரே ஜன்னலில் நிற்கிறார்கள், இதில் அதற்கு வழியே இல்லை. ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கவிஞர் கடலை இப்படி இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருப்பதால், ஒப்பீட்டுக் கட்டுரை எழுத நினைப்பவர்கள் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம்.